பிடி மாறினால் எந்தத் தசை மாறும்? – கேள்வி பதில்

செல்லூர்: அண்ணே, கபடிக்காக முதுகு ஏத்துறேன். லாட் புல்டவுன்ல (உக்காந்து மேல இருக்குற பாரைக் கீழ இழுக்குறது) கைய அகலமா வைக்க வைக்க விங்ஸ், அதாவது முதுகோட ரெண்டு பக்கத்துத் தசை, விரியும்னு சொல்றாங்களே?

இல்ல தம்பி. விங்ஸ் தசை வந்து ஒட்டுறது மேல்கை எலும்புல. உள்ளங்கையில என்ன நடக்குதுங்கிறதவிட, முழங்கை எந்த வழியா இறங்குதுங்கிறதுதான் அதுக்கு முக்கியம். கைய ரொம்ப அகலமா வச்சா முழங்கை இறங்குற தூரம் குறையும், வேலையும் குறையும். தோள் அகலத்துல ஆரம்பிச்சு அதுல ஒன்றரை மடங்குக்குள்ள எங்க வச்சாலும் விங்ஸுக்குப் பெரிய வித்தியாசம் இல்ல. உள்ளங்கை வெளிய பார்க்கட்டும், பார் மேல்நெஞ்சுக்கு வரட்டும். கழுத்துக்குப் பின்னாடி இழுக்காத.

திருமங்கலம்: உள்ளங்கை வெளிய பார்க்குற புல்அப்ஸ் 3 தான் வருது, உள்ளங்கை முகத்தைப் பார்க்குற சின்அப்ஸ் 7 வருது. சின்அப்ஸ் ஏமாத்து வேலையா?

ஏமாத்தே இல்ல, எலும்பு கணக்கு. முழங்கைய மடக்கி, மறு கையால மேல்கையோட முன்பக்கத் தசையான பைசெப்ஸைத் தொட்டுக்கிட்டு உள்ளங்கைய மேல பார்க்கத் திருப்பு: கட்டி திரண்டு எழும். கவுத்துப் பாரு, தளர்ந்துடும். முன்கையில ரெண்டு எலும்பு இருக்கு. பைசெப்ஸ் ஒட்டுறது கட்டைவிரல் பக்கத்து எலும்புல. கை திரும்பும்போது திரும்புறது அந்த எலும்புதான். கை கவுந்தா பைசெப்ஸோட நாண் அந்த எலும்பைச் சுத்திக்கும், இழுக்குற பலம் குறையும்.

பைசெப்ஸுக்கு அடியில பிராக்கியாலிஸ்னு ஒரு தசை இருக்கு. அது சுண்டுவிரல் பக்கத்து எலும்புல ஒட்டுது. அந்த எலும்பு சுழலாது, அதனால எந்தப் பிடியிலயும் பிராக்கியாலிஸ் ஒரே மாதிரி உழைக்கும். புல்அப்ஸ்ல பைசெப்ஸ் பாதி ஒதுங்கிடுறதால அதுவும் முன்கையும்தான் சுமக்குது. எண்ணிக்கை குறையிறது அதனாலதான்; முதுகு ரெண்டுலயும் நல்லாவே உழைக்குது.

வாரத்துல ஒரு நாள் புல்அப்ஸ் 2 ரெப் வீதம் 5 செட். இன்னொரு நாள் சின்அப்ஸ் 5 ரெப் வீதம் 3 செட். கடைசி செட்டுல ஸ்டூல்ல ஏறி மேல நின்னு 5 விநாடி எடுத்து இறங்கு, 3 தடவை. நேரான கம்பியில சின்அப்ஸ் பண்ணி முழங்கை உள்பக்கம் வலிச்சா, உள்ளங்கை ரெண்டும் எதிரெதிரே பார்க்குற பிடிக்கு மாறிடு.

மேலூர்: ஹேமர் கர்ல் (உள்ளங்கை உள்பக்கம் பார்க்க எடையை மடக்கித் தூக்குறது), கவுத்துப் பிடிச்ச கர்ல் ரெண்டும் தேவையா?

ஒண்ணு போதும். முன்கை மேல்பக்கம் பலவீனமா இருந்தா கவுத்துப் பிடி. வழக்கமான எடையில பாதியில ஆரம்பி. மணிக்கட்டு உறுத்தினா நேர் கம்பிய விட்டுட்டு வளைஞ்ச இசட் பார் எடு.

ஆரப்பாளையம்: பெஞ்ச் பிரஸ்ல கைய ரொம்ப அகலமா வைக்கிறேன். தோள் முன்பக்கம் வலிக்குது.

பார் நெஞ்சைத் தொடும்போது பக்கத்துல ஒருத்தர நின்னு பார்க்கச் சொல்லு. முன்கை தரைக்குச் செங்குத்தா நிக்கணும். வெளிப்பக்கம் சாஞ்சிருந்தா பிடி அகலம் அதிகம். ஒவ்வொரு பக்கமும் ரெண்டு விரக்கட உள்ள வா. பவர்லிஃப்டிங் போட்டியிலயே ஆள்காட்டி விரல்களுக்கு நடுவுல 81 சென்டிமீட்டர்தான் உச்ச அளவு. கம்பியில அந்த இடத்துல வளையம் மாதிரி கோடு இருக்கும்.

பிடி குறுகினா மேல்கையோட பின்பக்கத் தசையான ட்ரைசெப்ஸுக்கு வேலை கூடும், தோளுக்குச் சுமை குறையும். தோள் அகலத்தைவிடக் குறுக்கினா மணிக்கட்டுதான் கெடும். இன்னொண்ணு: கம்பி விரல் அடியில இருந்தா மணிக்கட்டு பின்னாடி மடங்கும். உள்ளங்கையோட அடிமேட்டுல, முன்கை எலும்புக்கு நேர் மேல உக்காரணும். கட்டைவிரலைச் சுத்தி மூடித்தான் பிடிக்கணும். மூடாமப் பிடிச்சு கம்பி வழுக்கினா விழுறது நெஞ்சுலயோ கழுத்துலயோதான்.

உசிலம்பட்டி: டெட்லிஃப்ட் 120 கிலோல கம்பி நழுவுது. ஒரு கைய கவுத்தும் ஒரு கைய மல்லாத்தியும் பிடிக்கலாமா?

பிடிக்கலாம். ஒரு கையில உருளப் பார்க்குற கம்பிய மறு கை தடுக்கும், அதனால நழுவாது. ஆனா மல்லாந்த கையோட முழங்கைய துளி மடக்கினாலும் பைசெப்ஸ் நாண் அறுந்துபோக வாய்ப்பிருக்கு. அந்தக் கை கயிறு மாதிரி நேரா தொங்கணும். தூக்குறது காலும் இடுப்பும். ரெண்டு கையும் கவுந்த பிடியில எவ்வளவு தூரம் போக முடியுமோ போ, கடைசி கனமான செட்டுக்கு மட்டும் இத எடு.

அதுக்கு முன்னாடி வியர்வையப் பாரு. நம்ம ஊர் சித்திரை வெயில்ல பாதி நழுவல் அதுதான். கையையும் கம்பியையும் துடைச்சிட்டு மெக்னீசியம் கார்பனேட் சாக் பூசு. டால்கம் பவுடர் பூசிடாத, அது இன்னும் வழுக்கும்.

திருப்பரங்குன்றம்: கேபிள்ல கீழ அழுத்துற ட்ரைசெப்ஸ் பயிற்சிக்கு கயிறா, கம்பியா, மல்லாந்த பிடியா?

மூணும் ஒண்ணுதான். ட்ரைசெப்ஸ் ஒட்டுறதும் சுழலாத எலும்புலதான். மல்லாந்த பிடியில விரல் மட்டும் தாங்குறதால எடைதான் குறையும். உள்பக்கத் தசைக்கு வேலை வேணும்னா பிடிய மாத்தாத, கைய தலைக்கு மேல தூக்கிப் பண்ணு.

அலங்காநல்லூர்: மாடு அணையிறேன். ஜிம் பிடி திமிலுக்கு உதவுமா?

கம்பிப் பிடி பாதிதான் உதவும். திமில் தடிமன், விரல் மூடாது, தோலும் நகரும். அங்க தாங்குறது நெஞ்சும் மடங்கிய நிலையில இறுகி நிக்கிற கையும்தான். 40 கிலோ மணல் மூட்டைய நெஞ்சோட கட்டிப்பிடிச்சு 20 விநாடி நில்லு, 4 தடவை. கம்பி மேல தடிச்ச துண்டைப் போட்டு ரெண்டு முனையையும் பிடிச்சு 10 விநாடி தொங்கு, 5 தடவை. வாரம் 2 நாள் போதும். பொங்கலுக்கு 4 நாள் முன்னாடி எல்லாப் பிடிப் பயிற்சியையும் நிறுத்திடு. களைச்ச முன்கையோட வாடிவாசல் முன்னாடி நிக்காத.