அந்த ஜந்து அதுவரை எங்கே முட்டையிட்டது?

கேள்வி: என் கதையில் வரும் வேற்றுக்கிரக ஜந்து, அங்கே போய் இறங்கும் விண்வெளி வீரரின் உடலுக்குள் முட்டையிடுகிறது. குஞ்சுகள் அவரைத் தின்று வளர்கின்றன. தாய் ஒரே கூட்டில் ஆயிரம் குஞ்சுகளை வைத்து, ஒவ்வொன்றுக்கும் தானே இரை ஊட்டுகிறது. நண்பர்கள் 'நடக்கிற கதையா இது?' என்று சிரிக்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
— ஒரு வாசகர், தேனி

பதில்: நண்பர்கள் சிரிக்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறு இடத்தில் சிரித்திருக்கிறார்கள். அடுத்த உயிரின் உடம்பில் பிள்ளை வளர்ப்பது உங்கள் வீட்டுச் சுவரிலேயே நடக்கிறது. பானை போல மண்கூடு கட்டுகிற குளவி, கூட்டுக்குள் மெல்லிய நூலில் ஒரு முட்டையைத் தொங்கவிடும். அப்புறம் புழுக்களைக் கொட்டி, சாகடிக்காமல் அசைவை மட்டும் நிறுத்தி, உள்ளே அடைத்து, வாயை மண்ணால் பூசிவிடும். செத்த புழு அழுகிப்போகுமே! பின்னால் கூட்டைத் துளைத்துக்கொண்டு குளவி வருவதைப் பார்த்துத்தான் 'கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்' என்றார்கள் பெரியவர்கள். புழு எங்கே குளவியானது? குளவிக்குஞ்சுக்குச் சாப்பாடானது.

உங்கள் கதையில் ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. முட்டைகோஸ் புழுவைத் தேடி வரும் கோட்டீசியா என்ற பொடிக் குளவி, புழுவின் உடம்புக்குள்ளேயே முட்டையிடும். சும்மா இட்டால் புழுவின் ரத்த அணுக்கள் முட்டையைச் சூழ்ந்து ஒழித்துவிடும். அதனால் கூடவே ஒரு வைரஸையும் ஏற்றி, புழுவின் எதிர்ப்புச் சக்தியை முடக்குகிறது. புழுவோடு கோடிக்கணக்கான ஆண்டுகள் மல்லுக்கட்டி வந்த வித்தை இது. அப்படியும் கண்ட புழுவிலெல்லாம் பலிக்காது. உங்கள் ஜந்துவோ மனிதனைப் பார்த்ததே இல்லை. முதல் நாளே முட்டை பொரிந்துவிடுமா? சரி, அதையும் விடுங்கள். மனிதன் வந்து இறங்கும்வரை அது யார் உடம்பில் முட்டையிட்டது? அந்தப் பிராணியைக் கதையில் காணவே இல்லையே!

கூடு விஷயம் இன்னும் மோசம். வீரரைத் தின்று வளர்கிற குஞ்சுக்குத் தாய் எதற்கு இரை ஊட்ட வேண்டும்? ஊட்டித்தான் ஆகவேண்டும் என்றால் ஆயிரம் எதற்கு? பெரிய இருவாட்சிப் பறவை இடுவது ஒன்றிரண்டு முட்டைதான். பெண் மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொள்ள, ஆண் ஒரு கீறல் வழியாகப் பழம் கொண்டுவந்து தருகிறது. அந்தக் குடும்பத்துக்கே அலைச்சல் தாங்கவில்லை.

முதல் அத்தியாயத்தில் அந்தக் கிரகத்து இரைப் பிராணியை எழுதுங்கள். வீரர் மெதுவாக வரட்டும். ஜந்து அவசரத்தில் ஆள் மாறி அவர் உடம்பில் முட்டையிட்டு ஏமாந்துபோனால் இன்னும் நல்ல கதை. அதை எழுதினால் அனுப்பிவையுங்கள்.