வேலையும் உண்டு, வேலை நாள் இல்லை

கேள்வி: சேலத்தில் எம்.ஏ. பொருளாதாரம் படிக்கிறேன். எங்கள் சேர்வராயன் மலைக் காப்பித் தோட்டங்களையும் இலங்கை நுவரெலியா தேயிலைத் தோட்டங்களையும் வேலைவாய்ப்பில் ஒப்பிட்டு ஆய்வேடு எழுதுகிறேன். இரண்டு நாட்டு அரசு வேலைவாய்ப்பு சர்வேயிலும் வேலையின்மை குறைவாகவே இருக்கிறது. காப்பி பறிக்கப் போகும் அம்மாவோ, "வருஷத்துல பாதி நாள் சும்மாதான் இருக்கோம், இதை யாருடி எழுதினது?" என்கிறார். எதை நம்புவது?
- வாசகி, ஏற்காடு

பதில்: அம்மாவை நம்புங்கள், சகோதரி. சர்வேயும் பொய் சொல்லவில்லை, அது கேட்கிற கேள்வி வேறு.

நம் நாட்டு சர்வேயின் 'வழக்கமான நிலை' கணக்கு கடந்த 365 நாளைப் பார்க்கும். துணை வேலையாக 30 நாள் பார்த்திருந்தாலே வேலையில் இருப்பவர்தான். நவம்பர் முதல் பிப்ரவரி வரை பழம் பறிக்கிறவர் அதில் வந்துவிடுவார். அப்புறம் களையெடுப்பு, கவாத்து என்று எப்போதாவது கூப்பிட்டால் உண்டு; அந்த வெறும் மாதங்கள் அந்தக் கணக்கில் தெரியாது. இலங்கை சர்வே ஒரு வாரத்தைத்தான் பார்க்கிறது. அந்த வாரத்தில் ஒரு மணி நேரம் உழைத்திருந்தாலும் வேலை உண்டு என்றே எழுதும். அதனால் நம் பக்கத்தில், கடந்த ஏழு நாளை மட்டும் பார்க்கும் 'நடப்பு வார நிலை' எண்ணை எடுங்கள். இல்லையென்றால் முதல் அட்டவணையே தப்பு. இன்னொன்று, இலங்கையில் நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்றாகப் பிரித்துத் தருகிறார்கள். இங்கே தோட்டமும் ஊரகத்தில் கரைந்துவிடுகிறது.

நுவரெலியா தேயிலையில் வருஷம் முழுக்கக் கொழுந்து உண்டு. ஆனால் அங்கே ஒரு நாள் என்பது முழு நாளா என்று பாருங்கள். சொன்ன கிலோ சேராவிட்டால் 'அரைப்பேர்' போடுவார்கள், பாதிச் சம்பளம்தான். 2021-இல் நாள் சம்பளம் போராடி 1000 இலங்கை ரூபாய் ஆனது. அதே வருஷம் ரசாயன உரத்துக்குத் தடை வந்தது, விளைச்சல் விழுந்தது. கொழுந்தே இல்லாத செடியில் எப்படிக் கிலோ சேரும்? 2022 பொருளாதார நெருக்கடியில் விலைவாசி ஏறி, கூடிய கூலியையும் தின்றுவிட்டது. இந்த இடத்தில் நிதானமாக எழுதுங்கள்.

வேலை கிடைக்காத பிள்ளைகள் அங்கே கொழும்புக்கும் இங்கே திருப்பூருக்கும் இறங்கிவிடுகிறார்கள். அவர்கள் போனதால்கூட மலையில் வேலையின்மை குறைந்தமாதிரி தெரியலாம்.

ஆகவே தோட்டத் தொழிலாளர் இருக்கும் லயன் (வரிசை) வீடுகளுக்குப் போங்கள். மாதவாரியாக எத்தனை நாள் வேலை, கையில் எவ்வளவு வந்தது, வீட்டில் யார் வெளியூரில் என்று கேட்டு எழுதுங்கள். முதல் தாள் அம்மாவுடையதாக இருக்கட்டும். சீசனுக்கு மட்டும் வந்து தங்குகிற வெளியூர் ஆட்களைத் தனித் தாளில் எழுதுங்கள், சேர்த்துவிட்டால் நாள் கணக்கு குழம்பிவிடும்.