மருமகள் எப்போது சாப்பிடுகிறாள்?

வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார், ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர் ஒருவர்

கேள்வி: என் மருமகளுக்கு ஐந்தாம் மாதம். மெலிந்த உடம்பு. நன்றாகச் சாப்பிடாவிட்டால் குழந்தை வளர்த்தி இல்லாமல் போய்விடும் என்று அங்கன்வாடியில் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் எல்லோருமே குள்ளம்தான், பிள்ளையும் அப்படித்தானே இருக்கும்? நிறையச் சாப்பிட்டால் பிள்ளை பெருத்து ஆபரேஷன் ஆகிவிடும் என்றும், சத்து மாத்திரை போட்டால் கறுப்பாகப் பிறக்கும் என்றும் அக்கம்பக்கத்தில் சொல்கிறார்களே?
– ஒரு மாமியார், திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: இந்தக் கடிதத்தை எழுதியது மாமியார் என்பதாலேயே இதை முதலில் எடுத்துக்கொண்டேன் அம்மா. கர்ப்பிணிப் பெண்ணுக்கு நாங்கள் எவ்வளவு சொன்னாலும், வீட்டில் பரிமாறும் கரண்டி உங்கள் கையில்தானே இருக்கிறது.

முதலில் உயரம். உலக சுகாதார நிறுவனம் பிரேசில், கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா, இந்தியா என்று ஆறு நாடுகளில் குழந்தைகளை அளந்து பார்த்தது. நம் நாட்டில் டெல்லியில் அளந்தார்கள். தாய்ப்பால், நல்ல சாப்பாடு, சுத்தம் எல்லாம் சரியாக அமைந்த பிள்ளைகள் எந்த நாடானாலும் ஐந்து வயதுக்குள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வளர்ந்தார்கள். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 100-க்கு 25 பேருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. அத்தனை பேருக்கும் வம்சத்தையே காரணம் சொல்ல முடியாது. கரு உண்டானதிலிருந்து இரண்டாவது பிறந்தநாள் வரை சுமார் 1000 நாள். அதற்குள் விட்ட வளர்த்தியைப் பிறகு பிடிப்பது கஷ்டம்.

அடுத்து, நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். வீடு பார்க்கப் போகும்போது வேண்டுமென்றே மதியம் இரண்டு மணிக்குப் போவேன். அப்போதுதான் மருமகள் சாப்பிட உட்கார்ந்திருப்பாள். ஆம்பளைகளும் பிள்ளைகளும் சாப்பிட்டு முடித்திருப்பார்கள். தட்டில் சோறு நிறைய இருக்கும். குழம்புச் சட்டியில் அடி வண்டல், பொரியல் ஒரு விரல் அளவு, முட்டை தீர்ந்து போயிருக்கும். "என்ன சாப்பிட்டே?" என்று கேட்டால், "எல்லாம் சாப்பிட்டேன் நர்ஸம்மா" என்பாள். வீட்டில் குறை இருந்தது சமையலில் இல்லை, பந்தி வரிசையில். அவளுக்கு முதலில் எடுத்து வையுங்கள். நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான்.

வழக்கமான சாப்பாட்டோடு கூடுதலாக ஒரு முட்டை, ஒரு கைப்பிடி வேர்க்கடலை, ஒரு கரண்டி பருப்புச் சோறு போதும். முருங்கைக்கீரை, பாசிப்பயறு, கேழ்வரகு, நெத்திலி எல்லாம் மாற்றி மாற்றிக் கொடுங்கள். அங்கன்வாடி சத்துமாவை உருண்டை பிடித்தோ கஞ்சியாகவோ கொடுக்கலாம். முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் வரும் ஊட்டச்சத்துப் பெட்டகத்து நெய்யும் பேரீச்சம்பழமும் அவளுக்கு மட்டும்தான், பேரப்பிள்ளைகள் கேட்டாலும்.

ஆபரேஷன் பயத்துக்காகச் சாப்பாட்டைக் குறைக்காதீர்கள். குறைத்தால் எடை குறைந்த, சீக்கிரம் நோயில் விழும் பிள்ளைதான் பிறக்கும். பிள்ளை அளவுக்கு மீறிப் பெருப்பதற்குப் பல சமயம் சர்க்கரைதான் காரணம். அதை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பரிசோதிப்பார்கள்.

நீங்கள் சொல்லும் சத்து மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரைதான். அதனால் பிள்ளை கறுக்காது. மலம்தான் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். குமட்டினால் ராத்திரி சாப்பிட்ட பிறகு போடச் சொல்லுங்கள். நெல்லிக்காய், எலுமிச்சைச் சாறு சேர்ந்தால் இரும்புச்சத்து நன்றாக ஒட்டும். டீ, காபியை ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கட்டும். கால்சியம் மாத்திரையும் இதுவும் ஒரே நேரத்தில் வேண்டாம்.

கேள்வி: குழந்தை சிவப்பாகப் பிறக்க மனைவிக்குக் குங்குமப்பூ வாங்கித் தரலாமா?
– ஒரு கணவர், சேலம்

பதில்: நிறம் குங்குமப்பூவால் வருவதில்லை தம்பி. அந்தக் காசில் தினமும் ஒரு முட்டை வாங்கிக் கொடுங்கள். அடுத்த பரிசோதனைக்கு நீங்களும் கூடப் போய், எடை எவ்வளவு ஏறியிருக்கிறது, ரத்தம் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு வாருங்கள்.