மூன்று புள்ளிக்கு ஒரு மூட்டை பயம்

இந்த மாதத் தபாலில் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் நகல்கள்தான் அதிகம். அனுப்பியவர்களில் நிறையப் பேருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. மூன்று கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: டாக்டரம்மா, எனக்கு வயது 26. தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. கண்ட்ரோல் ரூமில் எட்டு மணி நேரமும் உட்கார்ந்தே இருப்பேன். உயரம் 168 செ.மீ., எடை 64 கிலோ. கம்பெனி செக்கப்பில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 103, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 118, எச்பிஏ1சி 5.5. மொத்தக் கொலஸ்ட்ரால் 214, டிரைகிளிசரைடு 248, எச்டிஎல் 36, எல்டிஎல் 128. ரிப்போர்ட்டில் ஐந்து இடத்தில் நட்சத்திரக் குறி. அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு. அம்மா முட்டையை நிறுத்திவிட்டார், காபிக்குக் கருப்பட்டி போடுகிறார். எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மாத்திரை ஆரம்பிக்க வேண்டுமா? பெண் வீட்டில் சொல்ல வேண்டுமா?
— பெயர் வேண்டாம், ஸ்ரீபெரும்புதூர்

பதில்: தம்பி, கடிதத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு விஷயம் எழுதியிருக்கிறீர்களே, அதிலிருந்து ஆரம்பிக்கிறேன். முந்தின நாள் நண்பனின் பிறந்தநாள். ராத்திரி பதினொன்றரைக்குப் பரோட்டா, சால்னா, இரண்டு பீர். படுத்தது இரண்டு மணிக்கு. காலை ஏழு மணிக்கு ரத்தம் கொடுத்தாயிற்று. இதற்கு "வெறும் வயிறு" என்று பெயர் வைத்தது யார்?

நான் பட்டமேற்படிப்பு படித்த காலத்தில் ஆறு மாதம் லேபில் வேலை பார்த்தேன். ரத்தக் குழாயைச் சுழற்றி எடுத்தால் சிவப்பணுக்கள் அடியில் தங்கி, மேலே சீரம் தெளிவாக, எலுமிச்சை ஜூஸ் நிறத்தில் நிற்கும். ஒருநாள் ஒரு குழாயில் மேல்பகுதி ஆவின் பால் மாதிரி வெள்ளை வெளேர் என்று இருந்தது. டெக்னீஷியன் அண்ணன் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "நேத்து கல்யாண வீடு போலிருக்கு" என்றார். அந்தப் பால்தான் டிரைகிளிசரைடு என்கிற ரத்தக் கொழுப்பு. அந்த ஆளுக்கு ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. உங்களுடையது அந்த அளவுக்கு இல்லை. ஆனால் முந்தின நாள் ராத்திரிச் சாப்பாடும் பீரும் நேராகப் போய் ஏறுவது இந்த எண்ணில்தான். 150-க்குக் கீழே இருப்பது நல்லது, 200-க்கு மேல் அதிகம், 500-ஐத் தாண்டினால் கணையத்துக்கே ஆபத்து.

இன்னொன்று. உங்கள் எல்டிஎல், அதாவது கெட்ட கொலஸ்ட்ரால், 128 என்பது பெரும்பாலும் அளந்த எண் இல்லை, கணக்குப் போட்ட எண். மொத்தக் கொலஸ்ட்ராலில் நல்ல கொலஸ்ட்ராலான எச்டிஎல்லையும், டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிப்பார்கள். 214-இல் 36 போக 178. அதில் 248-இன் ஐந்தில் ஒரு பங்கு, ஏறக்குறைய 50 போனால் 128. சரியாக வருகிறதா? ஃப்ரீடவால்டு என்பவர் 1972-இல் கொடுத்த சூத்திரம் இது. பரோட்டா இந்தக் கணக்கிலும் புகுந்துவிடும்.

சரி, வெறும் வயிற்றுச் சர்க்கரை 103-க்கு வருவோம். உடம்பில் ஓடும் ஐந்து லிட்டர் ரத்தத்தில் இருக்கும் சர்க்கரை மொத்தமே ஒரு டீஸ்பூன்தான், ஐந்து கிராம். 100-க்கும் 103-க்கும் உள்ள வித்தியாசம் சில சிட்டிகை உப்பைவிடக் குறைவு. அமெரிக்க நீரிழிவு சங்கம் 2003 வரை 110-இல் வைத்திருந்த இயல்பு எல்லையை அந்த வருடம்தான் 100-க்கு இறக்கியது. உலக சுகாதார நிறுவனம் இன்னும் 110-இலேயே நிற்கிறது. சர்க்கரை நோய் என்று சொல்ல 126 வேண்டும்; அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு அதையும் ஒரு தடவை பார்த்து முடிவு செய்வதில்லை. சாப்பிட்ட பின் 118 நல்ல எண். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 5.5-ம், எல்லையான 5.7-க்குக் கீழேதான். ஐந்து மணி நேரத் தூக்கம் வேறு. சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1999-இல் ஆரோக்கியமான பதினோரு இளைஞர்களை ஆறு ராத்திரி நாலு மணி நேரம் மட்டும் படுக்கவிட்டுப் பார்த்தார்கள். சர்க்கரையைச் சமாளிக்கும் திறன் அவர்களுக்கே குறைந்துவிட்டது. நைட் ஷிப்டில் இருக்கிற உங்களுக்கு நான் சொல்லியா தெரியவேண்டும்?

எண் கூடிக் காட்டுவது மட்டுமில்லை, குறைத்தும் காட்டும். எனக்கே ஒருமுறை 62 வந்து, ஹாஸ்டலில் எல்லாரும் குளுக்கோஸ் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். விசாரித்தால், சாதாரணக் குழாயில் எடுத்த ரத்தம் மூன்று மணி நேரமாக மேசையிலேயே கிடந்திருக்கிறது. வெளியே எடுத்த பிறகும் சிவப்பணுக்கள் பசியாறிக்கொண்டுதான் இருக்கும். மணிக்கு 5 முதல் 7 சதவீதம் சர்க்கரை காணாமல் போகும். சர்க்கரைக்கென்று சாம்பல் மூடி போட்ட ஃப்ளோரைடு குழாய் வைத்திருப்பது அதனால்தான். முகாம்களில் நூறு பேருக்கு எடுத்து, ஐஸ் பெட்டி இல்லாமல் வேனில் கொண்டுபோகிற இடங்களில் இதைக் கேட்டு வாங்குங்கள்.

அதற்காக ரிப்போர்ட்டைக் கிழித்துப் போடச் சொல்லவில்லை. எனக்கு உறுத்துவது 103 இல்லை. ஏறிய டிரைகிளிசரைடு 248-ம் இறங்கிய எச்டிஎல் 36-ம் ஜோடியாக வந்திருப்பதுதான். உயரம், எடையை வைத்துப் பார்த்தால் உங்கள் பிஎம்ஐ 22.7, ஊர்க்கண்ணுக்கு ஒல்லி. புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் தங்கள் படத்தையே போட்டார்கள். இரண்டு பேருக்கும் பிஎம்ஐ ஒரே 22.3. உடம்புக் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. நம் ஆட்களின் ஒல்லி இப்படிப்பட்டது. கை கால் குச்சி, வயிற்றுக்குள் கொழுப்பு மூட்டை.

பேன்ட் சைஸ் 34 என்று எழுதியிருக்கிறீர்கள். அது தொப்பைக்குக் கீழே கட்டுகிற இடம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில் டேப்பை வைத்து, மூச்சை இழுத்துப் பிடிக்காமல் அளந்து பாருங்கள். 90 செ.மீ.க்கு மேல் 99-க்குள் இருந்தால், சென்னை மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தின் மதிப்பெண் அட்டையில் அதற்கு 10. அப்பாவுக்குச் சர்க்கரை, 10. உடற்பயிற்சியும் இல்லை, வேலையும் உட்கார்ந்தபடி, 30. வயது 35-க்குக் கீழே, பூஜ்யம். ஆக 50. 60 ஆனால் அதிக ஆபத்து. அப்பாவை மாற்ற முடியாது, தொப்பை கரைய மாதக் கணக்காகும். அந்த 30-இல் கை வைக்க நாளைக்கே முடியும்.

அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்: முட்டைக்கும் 248-க்கும் சம்பந்தமில்லை. மிஞ்சுகிற மாவையும் சர்க்கரையையும்தான் கல்லீரல் டிரைகிளிசரைடாக மாற்றுகிறது. கருப்பட்டி எங்கள் திருநெல்வேலிச் சரக்கு, விட்டுக்கொடுக்க எனக்கும் மனசு வராது. ஆனால் அதில் பெரும்பங்கு அதே சர்க்கரைதான். கல்லீரல் நிறம் பார்க்காது. முட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சோற்றில் ஒரு கரண்டியையும் கருப்பட்டியையும் குறைக்கச் சொல்லுங்கள்.

மாத்திரை இப்போது வேண்டாம். மூன்று மாதம் நடந்து, பீர் இல்லாமல், பன்னிரண்டு மணி நேரம் பட்டினி இருந்து, பகல் ஷிப்ட் வாரத்தில் மறுபடி ரத்தம் கொடுங்கள். அப்போதும் டிரைகிளிசரைடு 200-க்கு மேல் நின்றால் டாக்டரை நேரில் பாருங்கள். பெண் வீட்டில் சொல்ல இது வியாதியே இல்லை. அப்படியே சொல்லத் தோன்றினால், பீர் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கேள்வி: கல்லூரி மாணவி, வயது 21. எச்பிஏ1சி 5.9 வந்திருக்கிறது. வெறும் வயிற்றில் 84தான். ஹீமோகுளோபின் 8.8. எனக்குச் சர்க்கரை ஆரம்பமா?
— கல்லூரி விடுதி, திருச்சி

பதில்: இல்லை என்றுதான் நினைக்கிறேன் அம்மா. எச்பிஏ1சி என்பது சிவப்பணுவின் மேல் படிந்த சர்க்கரை. அணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். இரும்புச்சத்து குறைந்தால் புது அணுக்கள் வருவது மந்தமாகி, ரத்தத்தில் பழசுகள் கூடிப்போகும். பழைய பாத்திரத்தில் கரி கூடத்தானே ஒட்டியிருக்கும்? அதனால் எண் ஏறித் தெரியும். 5.9-ஐ விடுங்கள், உங்கள் பிரச்சினை 8.8தான். உடம்பின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பார்த்து, மாதவிடாயில் அதிகம் போகிறதா என்பதையும் கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லி, இரும்பு மாத்திரை சாப்பிடுங்கள். மாத்திரையையும் விடுதி டீயையும் ஒரே நேரத்தில் உள்ளே தள்ள வேண்டாம். ரத்தம் ஏறி மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி பாருங்கள், போதும்.

கேள்வி: என் மகனுக்கு 22 வயது. ஒல்லி, சைவம், தினமும் கிரிக்கெட். வேலைக்கான மெடிக்கலில் எல்டிஎல் 218 என்று வந்தது. மற்றதெல்லாம் சரி. "இந்த வயசுல ஒண்ணும் செய்யாது" என்கிறார்கள். என் கணவர் 41 வயதில் மாரடைப்பில் போய்விட்டார். மகனுக்குப் பின்னால் ஒரு மகள், வயது 17.
— ஒரு தாய், நாகர்கோவில்

பதில்: அம்மா, மேலே அந்தத் தம்பியிடம் நிதானமாகப் பேசினேன். உங்களிடம் அப்படிப் பேச முடியாது. எல்டிஎல் 190-ஐத் தாண்டி, அப்பாவும் இளம் வயதில் மாரடைப்பில் போயிருந்தால், பரம்பரைக் கொலஸ்ட்ரால் கோளாறாக இருக்குமோ என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். சுமார் 250 முதல் 300 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது. ரத்தத்திலிருந்து எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே இழுக்கிற கொக்கிகள் கல்லீரல் செல்களில் உண்டு. இந்தக் கோளாறு உள்ளவர்களுக்குப் பிறவியிலேயே அவற்றில் ஏறக்குறையப் பாதி வேலை செய்யாது. இந்தக் கொக்கியைக் கண்டுபிடித்த பிரவுன், கோல்டுஸ்டீன் இருவருக்கும் 1985-இல் நோபல் கிடைத்தது. ஆகவே சைவமும் கிரிக்கெட்டும் நல்லவைதான், ஆனால் இதை அவற்றால் மட்டும் இறக்க முடியாது.

"இந்த வயசுல" என்கிறவர்களுக்கு ஒரு செய்தி. கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்கச் சிப்பாய்களின் இதயத்தை அறுத்துப் பார்த்து 1953-இல் எழுதினார்கள். சராசரி வயது 22. நாலில் மூன்று பேருக்கு மேல் ரத்தக்குழாயில் கொழுப்புப் படிவு ஆரம்பித்திருந்தது. உங்கள் மகனுக்குப் பிறந்ததிலிருந்தே கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்த வாரமே இதய மருத்துவரையோ பொது மருத்துவரையோ பாருங்கள். தைராய்டும் சிறுநீரும் பார்ப்பார்கள், அவற்றாலும் எல்டிஎல் ஏறும். போவதற்கு முன் மகனின் குதிகாலுக்கு மேலே பின்பக்கத் தசைநாணை, அதாவது தசையை எலும்போடு கட்டும் தடித்த நாரை, விரலால் பிடித்துப் பாருங்கள். கயிறு மாதிரி தடித்தோ, முடிச்சு முடிச்சாகவோ இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். இல்லாவிட்டாலும் போகத்தான் வேண்டும். அநேகமாகக் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை எழுதுவார்கள். "சின்னப் பையனுக்கு ஆயுசுக்கும் மாத்திரையா" என்று சொந்தத்தில் யாராவது இழுப்பார்கள். மாத்திரை இல்லாமல் உங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று அவர்களுக்கும் தெரியும்.

இந்தக் கோளாறு அப்பா வழி வந்திருந்தால் மகளுக்கும் சரிபாதி வாய்ப்பு. அவளையும் கூட்டிக்கொண்டு போய் அன்றே ரத்தம் கொடுக்கச் சொல்லுங்கள். அந்தத் தம்பிக்குப் பட்டினி சொன்னது டிரைகிளிசரைடுக்காக; எல்டிஎல்லுக்கு மட்டும் என்றால் பட்டினி வேண்டியதில்லை, இட்லி சாப்பிட்டுவிட்டே போகலாம்.