பேரு நம்மளது, குழம்பு யாருது?

கேள்வி: ஆசிரியர் ஐயா, எனக்குச் சொந்த ஊரு தேவகோட்டை, இருபது வருஷமா சென்னை வேளச்சேரியில இருக்கேன். இங்க தெருவுக்கு ரெண்டு செட்டிநாடு ஹோட்டல் தொறக்குறாங்க, ரெண்டு மூடுறாங்க. இதுல எது ஒரிஜினல்னு காரைக்குடில இருக்குற நீங்கதான் சொல்லணும். எங்க ஏரியாவுல ஒரு ஹோட்டல் கறி பத்தி குரூப்புல வாய்ஸ் மெசேஜ் ஒண்ணு சுத்துது, பேரு எழுதியிருக்கேன், துணிச்சல் இருந்தா போடுங்க. கடைசியா, நீங்க சென்னை வந்தா எந்த ஹோட்டல்ல சாப்பிடுவீங்க? – வேளச்சேரி வாசகர்

பதில்: துணிச்சல்லேருந்தே ஆரம்பிப்போம் தம்பி. நீங்க எழுதுன பேர மை வச்சு அடிச்சிட்டேன், கம்ப்யூட்டர்ல டைப் அடிக்கிற பையனுக்குக்கூட தெரியாது. பயந்துக்கிட்டு இல்ல. யாரோ ஒருத்தரு மூக்கடைச்ச குரல்ல 'உடனே எல்லாருக்கும் அனுப்புங்க'ன்னு பேசுனத நீங்க கேட்டீங்க, தேவகோட்டையில உங்க ஆத்தாளும் கேட்டிருப்பாக, அதையே நான் அச்சுல போட்டா அப்புறம் அது வதந்தி இல்ல, 'பத்திரிகையிலயே வந்துருச்சு'ன்னு ஆயிரும்.

2018 நவம்பர் ஞாபகம் இருக்குதா? நீங்க சென்னையிலதான இருந்திருப்பீங்க. எழும்பூர் ஸ்டேஷன்ல ஜோத்பூர்லேருந்து ரயில்ல வந்த கறி ரெண்டாயிரம் கிலோவுக்கு மேல புடிச்சாங்க, வால் நீளமா இருக்குது அதனால நாய்தான்னு எவனோ சொன்னான், அவ்வளவுதான், சாயங்காலத்துக்குள்ள டிவிக்காரங்க எல்லாம் குரைக்க ஆரம்பிச்சிட்டாங்க. மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரியில சோதிச்சுப் பாத்தா அது ஆட்டுக்கறி. ராஜஸ்தான் பக்கத்து ஆட்டுக்கு வால் நீளம், நம்ம ஆட்டுக்குக் குட்டை, விசயம் இம்புட்டுதான். ஆனா ரிசல்ட் வர்றதுக்குள்ள எத்தனை பிரியாணிக் கடையில அண்டா அப்படியே ஆறிப் போச்சு. அந்த ரிசல்ட்ட எத்தனை பேரு ஃபார்வர்ட் பண்ணுனாங்க? நீங்க பண்ணுனீங்களா? அந்த ஸ்டேஷனுக்குத்தான் நம்ம காரைக்குடி ரயிலு பல்லவன் எக்ஸ்பிரஸ் போகும், அந்த வாரம் அதுல ஊருக்கு வந்த ஆளெல்லாம் இங்க கல்லுக்கட்டி மெஸ்ஸுலகூட தயிர் சாதம் கேட்டுச் சாப்பிட்டாக, காரைக்குடி ஆட்டுக்கும் சேத்து சந்தேகம்.

நெசமாவே சந்தேகம் இருந்துச்சுன்னா குரூப்ப விட்டுட்டு பில்ல எடுங்க. உணவுப் பாதுகாப்பு லைசென்ஸ் நம்பர் 14 இலக்கத்துல பில்லுலயே இருக்கணும், 2022-லேருந்து கட்டாயம். அந்த நம்பரோட உணவுப் பாதுகாப்புத் துறைக்கு எழுதுங்க, ஆள் வந்து சாம்பிள் எடுப்பாக. அதுல தப்புன்னு வந்துச்சுன்னா காகிதத்தோட வாங்க, பேரு ஊரு முதலாளி எல்லாம் கொட்டை எழுத்துல போடுறேன்.

பில்லுன்னதும் என் கதை ஒண்ணு இருக்குது. போன வருசம் சென்னையில தங்கச்சி மகன் ஒரு பெரிய செட்டிநாடு ஹோட்டலுக்குக் கூட்டிட்டுப் போனான், பேரு சொல்ல மாட்டேன், உங்களுக்கு ஒரு நியாயம் எனக்கு ஒரு நியாயமா. உள்ள நுழைஞ்சா பர்மா தேக்குல பழைய வீட்டு வாசல் நிலை, நடுவுல கஜலட்சுமி, ரெண்டு பக்கமும் கிளி, நம்ம முனீஸ்வரன் கோயில் தெரு பழைய சாமான் கடை வழியா போன சரக்குன்னு பாத்த உடனே தெரிஞ்சுபோச்சு. யாரு வீட்டு நிலையோ, எத்தனை பொண்ணு அதுக்குள்ள மருமகளா வந்திருப்பாளோ, அதக் கொண்டுபோய் கை கழுவுற எடத்துக்கு ஓரமா நிறுத்தி, லட்சுமிக்கு நேர் கீழ டிஷ்யூ பேப்பர் டப்பா மாட்டி வச்சிருக்காக. தரையில ஆத்தங்குடிக் கல்லு. ஆகா, பரவாயில்லயேன்னு செருப்பக் கழட்டிட்டு கால வச்சா மெத்துன்னு இருக்குது. கல்லு இல்ல, கல்லு படம் போட்ட ஷீட்டு. கண்ணாடி மேல கலர் சிமெண்ட ஊத்தி, தண்ணில ஊற வச்சு, வெயில்ல காய வச்சு, அந்தக் கண்ணாடி வழவழப்போட வர்ற கல்லுக்குக் காலு வச்சதும் ஒரு குளிர்ச்சி இருக்கும்ல, அது பிளாஸ்டிக்குல எங்கேருந்து வரும்.

சப்ளை பண்ண வந்தது அசாம் பையன், நல்ல புள்ள, வந்து ரெண்டே மாசத்துல 'அண்ணே என்ன வேணும்'ங்குற அளவுக்குத் தமிழ் புடிச்சிட்டான். வெண்டைக்கா மண்டி இருக்கான்னு கேட்டேன். 'மந்தி பக்கத்து கடை சார், இங்க பிரியாணிதான்'னுட்டான். அவன் மேல தப்பே இல்ல, அரபு நாட்டு மந்தி சோறுதான சென்னையில இப்ப ரோட்டுக்கு ரோடு போர்டு. அரிசி கழுவுன ரெண்டாந்தண்ணில புளியக் கரைச்சு வெண்டைக்காயும் பச்ச மிளகாயும் போட்டுக் கொதிக்க விடுற நம்ம மண்டி அவனுக்கு எப்படித் தெரியும், அந்த மெனு கார்டு போட்ட முதலாளிக்கே தெரியாதே. வந்தது பெப்பர் சிக்கன், மட்டன் சுக்கா, நண்டு மசாலா. மூணு தட்டு, மூணு வெல, ஒரே கிரேவி. வெங்காயம் தக்காளிய அண்டாவுல வதக்கி அரைச்சு காலைலயே வச்சிர்றது, ஆர்டர் வர வர சட்டில ஒரு கரண்டி எடுத்து, சிக்கனுக்கு மிளகு தூக்கல், சுக்காவுக்குத் தீய ஏத்தி வத்த விடுறது, நண்டுக்குச் சோம்பு கூட. தொழில்ல அது தப்பில்ல, நூறு டேபிளுக்கு வேற எப்படிச் சமைக்க முடியும். ஆனா அதுக்கு மேல 'ஆச்சி கைப்பக்குவம்'னு எழுதி வச்சிருக்கான் பாருங்க, எந்த ஆச்சி, என்ன கைப்பக்குவம்?

பில்லு வந்துச்சு. ஜிஎஸ்டி 5 சதவீதம், அது சட்டம், சரி. அதுக்கு மேல சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம். அத எடுத்துருங்கன்னேன், மேனேஜர் வந்து 'எல்லாரும் குடுக்குறாங்க சார்'ங்கிறார். தானா பில்லுல ஏத்தக்கூடாதுன்னு 2022-லயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லிருச்சு, ஹோட்டல்காரங்க கோர்ட்டுக்குப் போனாங்க, டெல்லி ஹைகோர்ட்டு 2025 மார்ச்ல ஆணையம் சொன்னதுதான் சரின்னு தீர்ப்பே குடுத்துருச்சு. இத்தனையும் சொல்லி, நுகர்வோர் உதவி எண் 1915-க்கு ஒரு போன் போடவான்னு கேட்டதுக்கப்புறம் எடுத்தாக. தங்கச்சி மகனுக்கு என்னோட வந்ததே அவமானம், கார்ல வாயத் தொறக்கல. அந்தக் காச அப்படியே அசாம் பையன் கைல குடுத்துட்டு வந்தேன், பில்லுல போட்டது அவனுக்குப் போயிருக்குமான்னு எனக்குச் சந்தேகம்.

இப்ப உங்க 'எது ஒரிஜினல்'. தம்பி, எங்க வீட்ல நல்ல நாளுக்கு வெள்ளப் பணியாரம் சுடுவாக. உழக்குல பச்சரிசிய தலை தட்டி அளந்து, அது மேலயே உளுந்த கோபுரமா எவ்வளவு நிக்குதோ அவ்வளவு, அதுதான் அளவு, தராசு கிடையாது. ஊற வச்சு வெண்ணெ மாதிரி ஆட்டி, கரண்டியில மொண்டு எண்ணெயில ஒண்ணு ஊத்துனா அது எந்திரிச்சு உப்பி ஓரம் கட்டுற வரைக்கும் அடுத்தத ஊத்தக்கூடாது. செவக்கவும் கூடாது, செவந்துட்டா மாமியாரு பார்வையே வேற. ஒண்ணு ஒண்ணா, அடுப்பு முன்னாடி ஒரு மணி நேரம் நின்னு சுட்டு, வரமிளகாய் துவையலோட இலையில வைக்கிறப்ப சூடா இருக்கணும். இத எந்த ஹோட்டல் முதலாளியாவது மெனுவுல போட்டு வாடகை கட்ட முடியுமா? அதனாலதான் அங்க எது ஒரே அண்டாவுல வேகுமோ அது மட்டும் செட்டிநாடுன்னு ஆகிப்போச்சு. கும்மாயம், கந்தரப்பம்னு இனிப்பு வகை, கொண்டுவிக்க, அதாவது கடல் தாண்டித் தொழில் பண்ணப் போன காலத்துல பர்மாவுலேருந்து வந்து நம்ம அடுப்புல ஒட்டிக்கிட்ட கவுனி அரிசி, இதெல்லாம் வீட்டோட நின்னுருச்சு. இங்க நகரத்தார், அதாவது செட்டிநாட்டுச் செட்டியாருங்க, கல்யாணப் பந்தில கறியே கிடையாதுன்னு சொன்னா உங்க ஆபீஸ்ல நம்புவாங்களா? செட்டிநாடுன்னா காரம், செட்டிநாடுன்னா சிக்கன், அம்புட்டுதான் அவங்களுக்கு. காரம்னு நெனச்சுக்கிட்டு மிளகாத்தூள அள்ளிப் போட்டு நாக்க மரத்துப் போக வச்சா மசாலாவுல போடுற கல்பாசி வாசம் எங்க தெரியும்.

அதுக்காக அறுபது எழுபது வருசமா ராயப்பேட்டையில கடை நடத்துறவங்கள நான் குறை சொல்லல. 1954-ல பொன்னுசாமி, 1964-ல அஞ்சப்பர், வெளியூர்லேருந்து போன பேச்சிலர் பசங்களுக்கு வாழையிலை போட்டு அசைவச் சாப்பாடு போட்ட காலம் அது. ஹோட்டல் சமையல் ஒரு தனி ஜாதி, அத வீட்டுச் சமையலோட தராசுல வைக்காதீங்கங்கிறேன்.

கிசுகிசுவே வேணும்னா ஒண்ணே ஒண்ணு விசாரிங்க: சரக்கு மாஸ்டர், அதாவது குழம்பு வைக்கிற தலைமைச் சமையல்காரர், அதே ஆள்தானா? முதலாளி பங்காளிச் சண்டை, எந்த நடிகரு பணம் போட்டிருக்காரு, எது மூடப் போகுது, இதெல்லாம் உங்க இலைக்கு வரப்போறதில்ல. மாஸ்டர் மாறுனா அன்னைக்கு ராத்திரியே குழம்பு மாறிரும். போர்டு அப்படியே தொங்கும், ருசி பைய எடுத்துக்கிட்டு எதிர்த்த கடைக்குப் போயிருக்கும். 'முன்ன மாதிரி இல்லப்பா'ன்னு நீங்க ஒரு மாசம் கழிச்சு சொல்லுவீங்க, சப்ளையர் பையனுக்கு முதல் நாளே தெரியும், அவன்கிட்ட கேளுங்க, ஒரு சிரிப்பு சிரிப்பான். நான் பாத்த பல மாஸ்டர் நகரத்தாரும் இல்ல, சில பேரு இந்தப் பக்கமே வந்ததில்ல. ஆச்சி வீடுகள்ல வேலைக்கு நின்னு, விசேசத்துக்குச் சமைச்சு, அம்மி முன்னாடி உக்காந்து கத்துக்கிட்டவங்களும் இருக்காக. அவங்க பேரு எந்த போர்டுலயும் வந்ததில்ல, உங்க கடுதாசியிலயும் வரல.

நீங்க செய்ய வேண்டியது, அடுத்த தடவை உக்காந்ததும் பெப்பர் சிக்கன் கேக்காம தண்ணிக்குழம்பும் மண்டியும் கேளுங்க. இல்லம்பான். அடுத்த வாரம் திரும்பப் போய்க் கேளுங்க. பத்துப் பேரு கேட்டா பதினோராவது ஆளுக்கு மண்டி வந்துரும், முதலாளிங்க காதுக்கு அந்த பாஷைதான் புரியும்.

சென்னை வந்தா நான் எங்க சாப்பிடுவேன்னு கேட்டிருந்தீங்க. எங்க ஆச்சி, அதாவது அக்கா, வீடு மாம்பலத்துல இருக்குது.