இ-ரீடர் வாங்கலாமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, வவுனியாவிலிருந்து வந்து மூன்று மாதங்கள் ஆகின்றன என்றும், ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்ற் அறையை இன்னொருவருடன் பகிர்ந்துகொண்டு இரவு வேலைக்குப் போய்வருகிறீர்கள் என்றும், கைத்தொலைபேசியில் வாசித்தால் அரைமணி நேரத்திலேயே கண் களைத்துவிடுகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். மின்னூல் வாசிப்பதற்கென்றே உள்ள கருவியான இ-ரீடர் இந்த நேரத்தில் தேவையான செலவுதானா, வாங்கினால் அமேசானின் கிண்டிலா கோபோவா என்பது உங்கள் கேள்வி. 23 கிலோப் பெட்டிக்குள் இரண்டு புத்தகங்களுக்குத்தான் இடம் கிடைத்தது என்ற உங்கள் வரியை வாசித்தபோது, 2008இல் நான் வந்திறங்கிய நாள் நினைவுக்கு வந்தது. அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

வாங்கலாம், ஆனால் இந்தக் கிழமையே வாங்க வேண்டாம். முதலில் ரொறன்ரோ பொது நூலகத்தின் அட்டையை எடுங்கள். அடையாள ஆவணமும் முகவரியைக் காட்டும் கடிதம் ஒன்றும் இருந்தால், நகரத்தில் வசிப்பவர்களுக்குக் கட்டணமில்லாமல் தருவார்கள். அட்டை கிடைத்ததும் லிப்பி என்ற செயலியைக் கைத்தொலைபேசியில் இறக்கிக்கொண்டால் ஆங்கில மின்னூல்களை இரவல் எடுக்கலாம். தவணை முடிந்ததும் நூல் தானாகவே திரும்பிவிடுவதால் தண்டப்பணம் என்ற பேச்சே இல்லை. இரண்டு கிழமை இப்படி வாசித்துவிட்டு, எதை எதை வாசித்தீர்கள், எங்கிருந்து எடுத்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எந்தக் கருவி உங்களுக்கு உகந்தது என்பதை அந்தத் தாளே காட்டிவிடும். ஏனென்றால், இக்கருவிகளின் திரைகளுக்கிடையே பெரிய வேறுபாடு இல்லை. எந்தக் கருவி எந்த நூலகத்தோடும் எந்தக் கடையோடும் இணைகிறது என்பதில்தான் உண்மையான வேறுபாடு இருக்கிறது.

கண் களைப்பைப் பற்றிக் கேட்டதால் திரையைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். கைத்தொலைபேசியின் திரை தானே ஒளிர்ந்து கண்ணை நோக்கி ஒளியை வீசுகிறது. இ-ரீடரில் இருப்பது மின்மைத் திரை. மயிரிழை அளவான குமிழ்களுக்குள் கறுப்புத் துகள்களும் வெள்ளைத் துகள்களும் மின்னேற்றத்துக்கு ஏற்ப மேலும் கீழும் நகர்ந்து எழுத்துகளாகின்றன. பக்கம் மாறும்போது மட்டுமே அதற்கு மின்சாரம் தேவைப்படுவதால், ஒருமுறை ஏற்றிய மின்கலம் வாரக்கணக்கில் நிற்கும். இருட்டில் வாசிப்பதற்கான விளக்கு திரையின் ஓரத்திலிருந்து தாளின் மேல் படிவதுபோல் பரவுகிறது. அதை மிகக் குறைத்து, மஞ்சள் சாயலுக்கு மாற்றி வைத்தால், பக்கத்துக் கட்டிலில் உறங்குபவரின் தூக்கம் கெடாது. பகிர்ந்த அறையில் பகலில் தூங்கி இரவில் விழித்திருப்பவருக்கு இதுவே வாங்குவதற்குப் போதிய காரணம் என்பது என் கருத்து.

இனி கிண்டிலா கோபோவா என்ற கேள்வி. கோபோ இதே ரொறன்ரோவில் 2009இல் தொடங்கிய நிறுவனம். பின்னர் ஜப்பானின் ரக்குட்டன் அதை வாங்கியது. அதன் கருவிக்குள் நூலக அட்டை எண்ணைப் பதிந்துவிட்டால், நூலகத்தின் மின்னூலைக் கருவியிலிருந்தே தேடி இரவல் எடுக்கலாம். கிண்டிலில் நூலக நூல்களை வாசிக்கும் வசதி அமெரிக்க நூலகங்களுக்கு மட்டுமே உண்டு, கனடாவில் இல்லை. அமெரிக்காவில் இருக்கும் உறவினர்கள் கிண்டிலைப் புகழ்ந்து சொல்வதைக் கேட்டு இங்கே அதை வாங்கிவிட்டு ஏமாந்தவர்கள் எனக்குத் தெரிந்தே சிலர் இருக்கிறார்கள். ஆங்கிலத்தை வளர்த்துக்கொள்ள வேண்டும் என்றும் எழுதியிருக்கிறீர்கள்; ஒரு சொல்லின் மேல் விரலைச் சற்று அழுத்திப் பிடித்தால் அங்கேயே அகராதிப் பொருள் விரியும் வசதியும் இலவச நூலக நூல்களும் சேரும்போது, புதிதாக வந்தவருக்குக் கோபோவே பொருத்தம் என்று தயங்காமல் சொல்வேன்.

ஆனால் உங்கள் தாளில் பெரும்பாலும் தமிழ் நூல்களே இருந்தால் கணக்கு மாறும். விலைக்குக் கிடைக்கும் தமிழ் மின்னூல்கள் அதிகம் இருப்பது கிண்டிலில்தான். 2016இன் இறுதியில் அமேசான் அதில் தமிழுக்கு இடம் கொடுத்த பிறகு, எழுத்தாளர்கள் பலர் தங்கள் நூல்களை நேரடியாகவே அங்கு வெளியிடுகிறார்கள். அங்கு வாங்கும் நூல் உங்களுடைய அலுமாரியில் இருக்கும் நூலைப் போன்றதன்று என்பதை மட்டும் அறிந்து வாங்குங்கள். வாங்கிய நூலைக் கணினியில் இறக்கிக் கம்பி வழியாகக் கருவிக்கு மாற்றும் வசதியை 2025 பெப்ரவரி 26ஆம் தேதியோடு நிறுத்திவிட்டார்கள்.

விலையின்றிக் கிடைக்கும் தமிழ் நூல்களுக்கு எந்தக் கருவியும் போதும். 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், படைப்பாக்கப் பொதும (கிரியேட்டிவ் கொமன்ஸ்) உரிமத்தில் நூல்களைத் தரும் இலவசத் தமிழ் மின்னூல்கள் தளம் ஆகியவற்றிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவது தளத்தில் 6 அங்குலத் திரைக்கென்றே அமைத்த பிடிஎப் கோப்பும் இருக்கும், இ-பப் கோப்பும் இருக்கும். இ-பப்பையே எடுங்கள், ஏனென்றால் அதில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமாகவே மடங்கி அமையும். ஈழத்து நூல்களும் பழைய சஞ்சிகைகளும் வேண்டுமென்றால் இணையத்தில் இருக்கும் ‘நூலகம்’ என்ற திட்டத்துக்குத்தான் போக வேண்டும். ஆனால் அங்கிருப்பவை பெரும்பாலும் வருடிய பக்கங்கள். ஏ4 அளவுப் பக்கம் ஒன்றை 6 அங்குலத் திரையில் அடக்கினால் எழுத்து பாதிக்கும் குறைவாகச் சுருங்கிவிடும். அவற்றுக்காகப் பெரிய இ-ரீடரில் பணத்தைப் போடாமல், நூலகக் கிளையின் கணினியிலோ பழைய டாப்லெட்டிலோ வாசிப்பது நல்லது.

2011இல் நான் வாங்கிய முதல் கருவி எனக்குக் கற்பித்ததையும் சொல்ல வேண்டும். நிறுவனம் எதுவென்பது இங்கு முக்கியமில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து, ஆசையோடு ஒரு தமிழ் நாவலை ஏற்றித் திறந்தால், ‘கொடி’ என்ற சொல்லில் ககரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு அதற்குப் பின்னால் போய் நின்றது; கால் தனியே ஒரு புள்ளி வட்டத்தோடு தொங்கியது. முதற்பக்கத்தை மூன்றுமுறை முயன்றுவிட்டு மூடிவைத்தேன், அந்தக் குளிர்காலம் முழுவதும் அதில் தமிழ் வாசிக்க முடியவில்லை. இன்றைய கருவிகள் எவ்வளவோ தேறிவிட்டன என்றாலும், வாங்கிய அன்றே கொய்யா, மொழி, கௌதாரி, ஸ்ரீ ஆகிய சொற்கள் வரும் ஒரு கோப்பை ஏற்றிப் பாருங்கள். பிழையாகத் தெரிந்தால், கோபோவில் ‘ஃபொன்ட்ஸ்’ என்று ஆங்கிலத்தில் பெயரிட்ட கோப்புறையை உருவாக்கி, ஒருங்குறித் (யூனிகோட்) தமிழ் எழுத்துரு ஒன்றை அதற்குள் போட்டுத் தேர்ந்தெடுக்கலாம். அதற்கும் சரிவராவிட்டால் திருப்பிக் கொடுப்பதற்காகப் பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். ஊரிலிருந்து யாராவது பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சிட்ட கோப்பை அனுப்பினால், அதை ஒருங்குறிக்கு மாற்றிய பிறகே ஏற்றுங்கள். இல்லையென்றால் ஆங்கில எழுத்துகளின் குவியல்தான் தெரியும்.

அளவைப் பொறுத்தவரை 6 அங்குலம் போதும். குளிர்ச் சட்டைப் பைக்குள் அடங்கும். கோபோவின் கிளாரா கறுப்பு வெள்ளைக் கருவி 2024இல் ஏறத்தாழ 150 டொலருக்கு வந்தது. அதன் மேல் 13 விழுக்காடு வரியையும் சேர்த்தே கணக்கிடுங்கள். வண்ணத் திரையை நான் பரிந்துரைக்க மாட்டேன். வண்ண வடிகட்டி ஒன்று இடையில் இருப்பதால் வெள்ளைத் தாள் சற்றுச் சாம்பல் நிறமாகத் தெரியும், நாவலும் கட்டுரையும் வாசிப்பவருக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை. இங்கே பேருந்துக்காகக் காத்து நிற்கும்போது மார்கழி, தை மாதங்களில் கையுறையைக் கழற்ற முடியாது, சாதாரணக் கையுறை விரலுக்குத் தொடுதிரை அசையவும் மாட்டாது. அதனால் பக்கம் புரட்டப் பொத்தான் உள்ள கோபோவின் லிப்ராவுக்குக் கூடுதலாகப் பணம் கொடுப்பவர்களை நான் குறைசொல்வதில்லை. ஆனால் கடுங்குளிரில் இந்தத் திரையே மந்தமாகிவிடும் என்பதால், வண்டிக்குள் ஏறிய பிறகு எடுத்து வாசிப்பதே கருவிக்கும் நல்லது. பாவித்த கருவி வாங்குவதென்றால், முன்னைய உரிமையாளர் தன் கணக்கிலிருந்து அதை விடுவித்துவிட்டாரா என்பதை அவர் முன்னிலையிலேயே பாருங்கள்.

என்னிடம் இப்போது பாவிக்காத 6 அங்குலக் கோபோ ஒன்று இருக்கிறது. தமிழ் சரியாகத் தெரிகிறது, மின்கலமும் நன்றாகவே நிற்கிறது. நூலக அட்டை எடுத்ததும் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை வந்து அதை எடுத்துப்போய், அந்த இரண்டு கிழமையும் வேலை இடைவேளையில் வாசித்துப் பாருங்கள். அதன் பிறகு கடைக்குப் போகலாம்.