ஜப்பானில் வெந்நீர் ஊற்று ஊருக்கு அம்மாவை அழைத்துப் போகலாமா? எல்லார் முன்னாலும் உடையில்லாமல்தான் குளிக்க வேண்டுமாமே? சைவச் சாப்பாடு கிடைக்குமா?

தாராளமாக அழைத்துப் போங்கள். நான் போன டிசம்பரில் அழைத்துப் போனேன். உடையில்லாமல் குளிப்பது எப்படி, சைவச் சாப்பாடு கிடைக்குமா என்று நீங்கள் கேட்டிருக்கும் இரண்டும் எங்களுக்கும் இருந்த கவலைதான். முதலாவது பத்து நிமிடத்தில் தீர்ந்துவிட்டது. சாப்பாட்டுக்குத்தான் ஒரு மாதம் முன்பிருந்தே மெனக்கெட வேண்டியிருந்தது.

நான் ஒசாக்காவில் வேலை பார்க்கிறேன். அம்மாவுக்கு 68 வயது. அப்பாவுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது என்று அவர் வரவில்லை, அம்மா மட்டும் வந்தார். நாங்கள் போன ஊர் கினோசாக்கி ஒன்சென். ஒன்சென் என்றால் வெந்நீர் ஊற்று. ஹியோகோ மாகாணத்தின் வடக்கே, ஜப்பான் கடலை ஒட்டிய பக்கம். ஒசாக்காவிலிருந்து நேர் ரயில் உண்டு, இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். ரயிலின் பெயர் கோனோதோரி, அதாவது நாரை. காலில் அடிபட்ட நாரை ஒன்று இங்கே வெந்நீரில் நின்று நின்று குணமானதாகக் கதை இருக்கிறது. கோனோயு என்ற குளியல் கூடத்துக்கு அதிலிருந்துதான் பெயர். ஜப்பானில் இயற்கையாக வாழ்ந்த கடைசி நாரை 1971-ல் இந்தப் பகுதியில்தான் இறந்தது. பிறகு கூண்டில் வளர்த்துப் பெருக்கி, 2005-ல் மறுபடி வெளியே பறக்க விட்டார்கள். வரும் வழியில் வயலில் இரண்டு நின்றன. அம்மா ஜன்னலோரம் இருந்ததால் அவர்தான் முதலில் பார்த்தார்.

எத்தனையோ ஒன்சென் ஊர்கள் இருக்க ஏன் இது என்றால், இங்கே வெந்நீர் ஊருக்குப் பொது. பல ஊர்களில் பெரிய ஹோட்டலுக்குள்ளேயே எல்லாம் இருக்கும், உள்ளே போனால் மறுநாள்தான் வெளியே வருவோம். கினோசாக்கியில் ஊர் முழுவதும் ஒரே விடுதி என்பார்கள். ரயில் நிலையம் வாசல், தெருக்கள் தாழ்வாரம், நாம் தங்கும் ரியோகான் (ஜப்பானிய விடுதி) ஓர் அறை, குளிக்க வேண்டுமென்றால் தெருவில் இறங்கி நடக்க வேண்டும். ஏழு பொதுக் குளியல் கூடங்கள் இருக்கின்றன. ரியோகானில் தங்குகிறவர்களுக்கு ஏழிலும் இலவசம்.

இந்த ஏற்பாடு சும்மா வந்துவிடவில்லை. 1925 மே 23 அன்று பெரிய நிலநடுக்கம் வந்து, பின்னாலேயே தீயும் பிடித்து ஊர் அழிந்துபோனது. திரும்பக் கட்டிக்கொண்டிருந்த நேரம், 1927-ல், ஒரு விடுதி தன் வளாகத்துக்குள்ளேயே ஊற்று நீரில் குளியலறை கட்டிக்கொண்டது. ஊரார் ஒத்துக்கொள்ளவில்லை. ஒருவர் நிலத்தில் கிளம்பும் வெந்நீர் அவருக்குச் சொந்தமா, ஊருக்குச் சொந்தமா என்று வழக்கு கோர்ட்டுக்குப் போனது. போர் வந்து போன பிறகும் வழக்கு முடியவில்லை. 1950-ல்தான் சமரசம் ஆனது. ஊற்று பொதுவில் இருக்கட்டும், விடுதிகள் உள்ளே சிறியதாக வைத்துக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தார்கள். அன்றைக்கு அப்படி விட்டுக்கொடுத்ததால்தான் இன்றைக்கு சாயங்காலம் ஆனால் ஊரே மரச்செருப்பு போட்டுக்கொண்டு தெருவில் நடக்கிறது. எனக்கு இந்த ஊரில் ரொம்பப் பிடித்தது இதுதான். தயவுசெய்து அறைக்குள்ளேயே தொட்டி இருக்கிற இடமாகப் பார்த்து எடுத்து, அதிலேயே முடித்துக்கொண்டு வந்துவிடாதீர்கள்.

சரி, உடை விஷயத்துக்கு வருகிறேன். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி. நீச்சலுடை, துண்டு எதுவும் தொட்டிக்குள் வரக் கூடாது. அம்மாவிடம் ரயிலிலேயே சொல்லிவிட்டேன். "நீ போய்க் குளி, நான் வெளியே உட்கார்ந்திருக்கேன்" என்றார். விடுதியில் யுகாதா என்ற பருத்தி அங்கி கொடுத்தார்கள். அம்மா வலது பக்கத்தை மேலே போட்டுக் கட்டிக்கொண்டார். விடுதி நடத்தும் அம்மாள் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அவிழ்த்து, இடது பக்கம் மேலே வருமாறு மாற்றிக் கட்டிவிட்டார். இறந்தவர்களுக்குத்தான் வலது மேலே வரும். காரணத்தை நான் சொன்னதும் அம்மா அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டார். சகுனம் பார்க்கிறவர்களுக்கு மொழி தேவைப்படவில்லை.

மழை தூறிக்கொண்டிருந்தது. சோற்று டப்பாவை மறந்தாலும் குடையை மறக்காதே என்று அந்தப் பக்கத்தில் சொல்வார்கள், டிசம்பரில் அது அப்படியே உண்மை. விடுதியே குடை கொடுத்தது. மரச்செருப்புக்கு கெதா என்று பெயர். அதன் வார் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே வரும், அம்மாவின் மெட்டி அதில் உரசியது. இரண்டு தெரு நடந்ததும் மெட்டியைக் கழற்றி முந்தானையில் முடியத் தேடினார். யுகாதாவில் ஏது முந்தானை? என் பையில் போட்டுக்கொண்டேன். ஓத்தானி ஆற்றின் இரு கரையிலும் இலை உதிர்ந்த வில்லோ மரங்கள், வளைந்த சின்னக் கல்பாலங்கள். கரைச் சுவரைக் குனிந்து பாருங்கள். பக்கத்தில் இருக்கும் கென்புதோ குகையின் எரிமலைக் கல்லை அடுக்கியிருக்கிறார்கள், சில கற்களில் ஆறு பட்டை அப்படியே தெரிகிறது. மறுநாள் அந்தக் குகைக்கும் போனோம். 1926-ல் மாட்சுயாமா என்ற விஞ்ஞானி இந்தக் கல்லைச் சோதித்தபோது அதன் காந்தத் திசை தலைகீழாக இருந்தது. பூமியின் வடக்கும் தெற்கும் ஒரு காலத்தில் இடம் மாறியிருந்தன என்று அவர் சொல்லக் காரணமான இடம் இது. அரை நாள் ஒதுக்குங்கள்.

முதலில் போனது மன்தாராயு. இந்த ஊர் வெந்நீரின் தொடக்கம் இதுதான் என்கிறார்கள். தோச்சி என்ற துறவி ஆயிரம் நாள் ஜபம் செய்ததும் 720-ல் வெந்நீர் பொங்கியதாக ஐதீகம். மன்தாரா என்பது நம் மண்டலம்தான், பௌத்தத்தோடு போன சமஸ்கிருதச் சொல். அதைச் சொன்னதும் அம்மாவின் நடை மாறியது. அந்தத் துறவி தொடங்கிய ஒன்சென்ஜி கோயில் மலைச்சரிவில் இருக்கிறது. முன்காலத்தில் அங்கே போய் கும்பிட்டு, ஓர் அகப்பை வாங்கிக்கொண்டு வந்த பிறகுதான் குளத்தில் இறங்குவார்களாம். "அப்ப இது தீர்த்தம்தானே, முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றார். அதன் பிறகு வெளியே உட்காருகிற பேச்சே இல்லை.

உள்ளே கூடையில் உடையை வைத்துவிட்டு, வரிசையாகப் போட்டிருக்கும் குட்டி ஸ்டூலில் உட்கார்ந்து, சோப்பு போட்டு நன்றாகத் தேய்த்துக் குளித்த பிறகுதான் தொட்டியில் இறங்க வேண்டும். தொட்டி அழுக்குப் போக்க இல்லை, ஊறுவதற்கு. அங்கே யாரும் யாரையும் பார்ப்பதில்லை. இதை நம்பச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், போய்ப் பார்த்தால்தான் தெரியும். பாட்டிகள், கைக்குழந்தையோடு ஒரு பெண், கல்லூரிப் பெண்கள் நாலு பேர், எல்லாரும் அவரவர் வேலையாக இருந்தார்கள். அம்மா கொஞ்ச நேரம் சின்னத் துண்டை முன்னால் பிடித்துக்கொண்டு நின்றார், அப்புறம் அதை மடித்து மற்றவர்களைப் போலத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கினார். அப்போதுதான் பார்த்தேன். அவருடைய அடிவயிற்றில், நான் பிறந்தபோது போட்ட தையலின் தழும்பு. கதை கதையாகக் கேட்டிருக்கிறேன், இத்தனை வருடத்தில் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். அவரும் நான் பார்த்ததைப் பார்த்தார். இருவரும் கழுத்து வரை முங்கி, ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம்.

நம்மூர்ப் பெண்கள் கேட்கத் தயங்கும் சில விஷயங்கள். தாலிச் செயினை அம்மா கழற்றவில்லை, யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கினோசாக்கி நீர் உப்பு நீர், தங்கத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. குசாட்சு மாதிரி கந்தக ஊற்றுக்குப் போனால் வெள்ளி கறுத்துவிடும், மெட்டி கொலுசை அறையிலேயே வைத்துவிடுங்கள். அன்றைக்குத் தலைக்கு எண்ணெய் வைக்காதீர்கள். முடி நீரில் படக் கூடாது, உச்சியில் தூக்கிக் கட்டுங்கள். பச்சை குத்தியிருந்தால் பல ஒன்சென்களில் உள்ளே விட மாட்டார்கள், இங்கே பொதுக் கூடங்களில் விடுகிறார்கள்.

ஏழையும் ஒரே ராத்திரியில் பார்க்க ஆசைப்படாதீர்கள். நீர் சூடு அதிகம். அம்மாவுக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது, டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் கிளம்பினோம். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், வெளியே வந்து தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்திருப்பது என்று வைத்துக்கொண்டோம். அன்றிரவு மூன்று கூடம், காலையில் ஒன்று. அதில் இச்சினோயு பாறைக்குள் குடைந்த குளியல். கூடங்களுக்கு வார விடுமுறை வேறு வேறு நாள், பார்த்துக்கொண்டு போங்கள்.

சாப்பாடு. நவம்பரிலிருந்து மார்ச் வரை அந்த ஊரில் நண்டுக் காலம், எல்லா விடுதியிலும் நண்டு விருந்துதான். நான் சாப்பிடுவேன், அம்மா சுத்த சைவம். ஜப்பானில் காய்கறிக் குழம்பு என்று கொடுப்பதிலும் தாஷி இருக்கும். அது பெரும்பாலும் உலர்ந்த மீனைச் சீவிப் போட்டு எடுத்த சாறு. "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் மீன்சாறு வந்துவிடும். முதலில் கேட்ட விடுதி முடியாது என்றது. இரண்டாவது விடுதிக்கு ஜப்பானிய மொழியில், மீன், மீன்சாறு, முட்டை எதுவும் கூடாது, கடற்பாசியும் ஷிடாக்கே காளானும் போட்டு எடுத்த சாறு சரி என்று விவரமாக எழுதினேன். அம்மாவுக்கு வெந்த டோஃபு, காய்கறி தெம்புரா, ஊறுகாய், சோறு வந்தது. சோற்றை இரண்டாவது தடவை கேட்டு வாங்கினார். இந்த எழுத்து வேலை முடியாது என்றால் சாப்பாடு இல்லாமல் அறை மட்டும் எடுங்கள், அதற்கு சுதோமாரி என்று பெயர். கையில் ஏதாவது கட்டிக்கொண்டு போய்விடலாம்.

ஒவ்வொரு கூடத்திலும் அன்றைக்கு முதல் ஆளாக நுழைகிறவருக்கு ஒரு சின்ன மர வில்லை தருவார்கள். கேள்விப்பட்டதும் அம்மா என்னை ஆறு மணிக்கு எழுப்பிவிட்டார். கோனோயு ஏழு மணிக்குத் திறக்கும், நாங்கள் 6:40-க்குப் போய் நின்றோம். எங்களுக்கு முன்னால் ஒரு பாட்டி குடையோடு நின்றுகொண்டிருந்தார். வில்லையை வாங்கியதும் திரும்பி அம்மாவின் கையில் வைத்துக் காட்டினார். நீங்கள் போனால் ஆறரைக்கு முன்னாலேயே போய்விடுங்கள்.